தண்ணீரை நக்கிப் பார்த்தவள்

அக்காவின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் பயந்துவிடுவாள். ரேஷன் கார்டில் தன் பெயர் இருப்பதே அவளுக்குப் பிடிக்காது. "எதுக்கு பேரை ஊரெல்லாம் எழுதி வெக்கிறானுங்க, எவன் கையில எது மாட்டுதோ" என்பாள். மரக்காணம் கடைத்தெருவில் நான் போன் பூத் வைத்திருந்த காலத்தில் அடுத்த வாசல் அவளுடையது. சொந்த அக்கா இல்லை, ஆனால் அப்படித்தான் கூப்பிட்டேன். அவள் புருஷன் உப்பு லாரி ஓட்டினார். மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். அந்தப் பாதி நாளும் அவர் லாரி எங்கே கவிழ்ந்து கிடக்கிறதோ என்று என் பூத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

அவள் பயந்ததுபோல் பயந்த மனுஷியை நான் பார்த்ததில்லை. காஸ் அடுப்பு வாங்கியபோது சுவரில் ஓட்டை போட்டு சிலிண்டரை வீட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வைத்தாள். வெயில் பட்டு வெடித்துவிடும் என்று பிறகு அதற்கு ஒரு கொட்டகை போட்டாள். கொட்டகையில் பாம்பு வரும் என்று அதைச் சுற்றி விளக்கு போட்டாள். இடி இடித்தால் என் பூத்துக்கு ஓடிவந்து போன் வயரைப் பிடுங்கிவிடுவாள். உள்ளே ஆள் பேசிக்கொண்டிருந்தாலும் பிடுங்குவாள். துபாயில் இருக்கும் மகனோடு பேசிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், மகன்தான் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டான் என்று நினைத்து அழுதுகொண்டே போனார். மழை விட்டதும் நான் அவர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லிக் கூட்டிவந்தேன்.

மற்றவர்கள் பயந்தால் சாமி கும்பிடுவார்கள். அக்கா பயந்தால் வயரை எடுப்பாள். கல்யாணத்துக்கு முன்பு குயிலாப்பாளையத்தில் ஒரு வெள்ளைக்காரர் பட்டறையில் மோட்டாருக்குள் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டிப் பழகியவள். இங்கே வந்தும் உப்பளத்து மோட்டார்கள் புகைந்தால் அவளிடம்தான் வரும். அந்தக் கையால் அவள் வீடு முழுக்க மணிகள் வைத்திருந்தாள். பால் பொங்கினால் ஒன்று அடிக்கும், கதவைத் தொட்டால் ஒன்று அடிக்கும், வேலியில் எது உரசினாலும் ஒன்று அடிக்கும். ஒருநாள் மத்தியானம் வேலி மணி விடாமல் அடிக்க, திருடன் என்று தெருவே கம்பெடுத்துக்கொண்டு ஓடியது. அங்கே எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டி முதுகு சொறிந்துகொண்டிருந்தது.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயின்னு சும்மாவா சொன்னாங்க" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்தார்.

அக்கா சிரிக்கவில்லை. "இருண்டதுல ஒண்ணு நெஜமாவே பேயா இருந்துட்டா இன்னா பண்ணுவ தம்பி?" என்று கேட்டாள். அவர் கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை கடல் ஊருக்குள் வந்தபோது அவளை யாரும் கிண்டல் செய்யவில்லை. கடைத்தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை. ஆனால் மீனவர் குப்பத்துப் பக்கமிருந்து ஓடிவந்தவர்களை எங்கள் வாசலில்தான் உட்கார வைத்தோம். என் பூத்தில் அன்றைக்குப் போன் பேசியவர்களின் குரல் இன்னும் என் காதில் கேட்கும். அதற்குப் பிறகு ஊரே அக்கா மாதிரி ஆகிவிட்டது. நாய் குரைத்தால் கடல், லாரி வந்தால் கடல். அவள் மட்டும் பேசுவதை நிறுத்திவிட்டாள். காலையில் எழுந்து உப்பளத்து ஓடைப் பக்கம் போய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஓடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் உப்பளத்துக்குத் தண்ணீர் அதன் வழியாகத்தான் வரும். கழுவெளி என்கிற பெரிய காயலும் கடலும் சேர்கிற இடத்திலிருந்து அது கிளம்பி, அளத்தை ஒட்டி ஓடும். அளத்துக்கு நடுவில் மோட்டார் கொட்டாய். அங்கிருந்து ரோட்டுக்கு வர, பாத்திகளுக்கு நடுவே ஒற்றையடி வரப்பு ஒன்றுதான் வழி. ஓடை கரை தாண்டினால் முதலில் மூழ்குவது அந்த வரப்பு. என் வீட்டுக்காரர் அந்த அளத்தில் மேஸ்திரி. மழைக்காலத்தில் உப்பு எடுக்க முடியாதுதான், ஆனால் குவித்து வைத்த உப்பு அம்பாரத்துக்குக் கீற்று போட்டு மூடி, காற்றில் பறக்காமல் கட்ட ஆட்கள் போயே ஆக வேண்டும். அப்போதெல்லாம் கடல் ஏறி வருகிறதா என்று ஓடைக் கரையில் ஒரு ஆள் வேலை செய்யாமல் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணிக்காவல் என்பார்கள். அவருக்கும் கூலி உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கிறவனுக்கு எதற்குக் கூலி என்று முதலாளி முனகுவார், ஆனால் கொடுப்பார்.

அக்கா அந்தக் கரையில் ஒரு கம்பம் நட்டாள். கம்பத்தை ஒட்டித் தண்ணீரில் ஒரு எண்ணெய் கேன் மிதக்கும். தண்ணீர் ஏறினால் கேன் ஏறும், கேன் ஏறினால் அதன் தலையிலிருக்கும் கம்பி மேலே போய்ப் பித்தளைத் தகட்டைத் தொடும், தொட்டால் மணி அடிக்கும். பழைய இரும்புக் கடையில் கிடைத்த பள்ளிக்கூட மணியை லாரி பேட்டரியில் ஓடும்படி அவளே காயில் மாற்றிக் கட்டினாள். முதலில் வைத்த கேன் வெறும் கேன். சின்ன அலைக்கெல்லாம் துள்ளி மணி அடித்தது. ஆட்கள் உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினார்கள். இரண்டாம் முறையும் ஓடினார்கள். மூன்றாம் முறை யாரும் ஓடவில்லை. அதைப் பார்த்துத்தான் அக்கா ரொம்பப் பயந்தாள்.

பிறகு இடுப்பளவு ஓடையில் இறங்கி நின்று, கேனுக்குள் ஒரு பிடி ஒரு பிடியாக மணல் போட்டாள். கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி, அலைக்கு ஆடாமல் அழுத்தமாக நிற்கும் வரைக்கும் போட்டாள். அது சித்திரை மாதம். கோடையில் அந்த ஓடைத் தண்ணீர் கடலைவிட உப்பாக இருக்கும், கையில் பட்டுக் காய்ந்தால் வெள்ளை பூக்கும். பௌர்ணமிக்குக் கடல் ஏறியபோது மணி சரியாக அடித்தது. எல்லோரும் ஓடிப்போய் ரோட்டில் நின்றுகொண்டு சிரித்தோம். முதலாளி அன்றைக்கே தண்ணிக்காவலை நிறுத்திவிட்டார். மணி இருக்கும்போது ஆள் எதற்கு என்றார்.

"மணி அடிச்சா ஓடுங்க. அடிக்கலன்னா நிம்மதியா இருங்க" என்று அக்காவும் ஆட்களிடம் சொன்னாள். அவள் வாயால் நிம்மதி என்ற சொல்லை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அந்த வருஷம் என் பூத்தில் டிவி வாங்கி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு நிகழ்ச்சி வரும். புதிதாக எதையாவது கண்டுபிடித்தவர்கள், சின்னதாகத் தொழில் செய்கிறவர்கள் எல்லாம் வந்து பணக்காரர்கள் மூன்று பேர் முன்னால் நின்று, இதற்குப் பணம் போடுங்கள் என்று கேட்பார்கள். பிடித்திருந்தால் போடுவார்கள். பிடிக்காவிட்டால் கேலி செய்து அனுப்புவார்கள். ஊரே அந்தக் கேலிக்காகத்தான் பார்த்தது. அக்கா மட்டும் வந்தவர்களுக்காகப் பயந்தாள். "அந்தாளு இட்லிப் பானையில ஆவி போக வழியே வெக்கல பாரு, வெடிக்கும்" என்பாள். "அந்தப் பொண்ணு சைக்கிள்ல பிரேக்கு எங்கடி?" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி முடிந்ததும், "டிவியில காட்டற அந்த நம்பருக்குப் போடு" என்றாள். என்னால் நம்ப முடியவில்லை. போட்டோகூட எடுத்துக்கொள்ளாதவள்.

"நம்ம ஓடையில ஒரு மணி இருக்குது. கடப்பாக்கத்துல இருக்குதா? கீழ்புத்துப்பட்டுல இருக்குதா? அங்கெல்லாம் மனுசங்க இல்லியா? என்னால எத்தினி செய்ய முடியும்? காசு இருக்கறவன் செஞ்சா ஊருக்கு ஒண்ணு வெக்கலாம்" என்றாள். சென்னைக்குப் போக வேண்டும் என்பதே அவளுக்குப் பாதி உயிர் போகிற விஷயம்.

ஐப்பசி கடைசியில் கூப்பிட்டார்கள். அந்த வருஷம் எங்கள் பக்கம் மழை தள்ளிப் போயிருந்தது. விடிந்ததும் பூத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நானும் கூடக் கிளம்பினேன். கம்பத்தில் இருப்பது போலவே இன்னொரு கேன், அதே அளவு மணல், கம்பி, மணி எல்லாம் ஒரு சாக்குப் பையில். என் வீட்டுக்காரர் பஸ் ஏற்றிவிட்டார். "மழை வர்றாப்ல இருக்குது, நாங்க அம்பாரத்துக்குக் கீத்து கட்டப் போறோம்" என்றார். பஸ்ஸில் மேற்கே திண்டிவனம் பக்கம் இரண்டு நாளாக மழை, ஏரியெல்லாம் நிரம்பி வழிகிறது என்று பேசிக்கொண்டார்கள். அக்கா டிரைவர் தூங்குகிறாரா என்று பார்ப்பதிலேயே குறியாக இருந்தாள்.

டிவிக்காரர்களின் இடத்தில் ஜன்னலே இல்லை. குளிர் எலும்பில் ஏறியது. அக்காவுக்கு முகத்தில் மாவு பூசினார்கள். கண்ணாடித் தொட்டி ஒன்றில் பாதித் தண்ணீர் வைத்திருந்தார்கள், ஆள் குளிக்கிற அளவுக்குப் பெரியது. மூன்று பேரில் நடுவில் இருந்தவர் பம்பு செட் கம்பெனிக்காரர். "இதுல எவ்ளோ லாபம் வரும்மா?" என்று கேட்டார்.

"லாபம் தெரியாதுங்க. ஓடறதுக்கு நேரம் கெடைக்கும்" என்றாள் அக்கா.

அவர் அதை ரசித்தார் என்றே நினைக்கிறேன். "சரி, போட்டுக் காட்டுங்க" என்றார்.

அக்கா கேனைத் தொட்டியில் விட்டாள். அது ஒரு தடவை தலையைக் காட்டியது. பிறகு நேராக அடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. குழாய் வழியாகத் தண்ணீர் ஊற்ற ஊற்ற தொட்டி நிரம்பியது, வழிந்தது, கீழே ஓடியது. கேன் அசையவில்லை. மணி அடிக்கவில்லை.

"அம்மா, சுனாமி வந்துட்டுப் போயிடுச்சு. உங்க மணி இன்னும் எழுந்திரிக்கல" என்றார் பம்பு செட்காரர். பார்க்க வந்திருந்தவர்கள் எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

அக்கா சிரிப்பைக் கேட்டதாகவே தெரியவில்லை. தொட்டிக்குள் கையை விட்டு எடுத்து, விரலை நாக்கில் வைத்தாள். எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். பாத்தித் தண்ணீர் உப்பு விளையும் பதத்துக்கு முற்றிவிட்டதா என்று நாக்கில் வைத்துத்தான் பார்ப்போம். அவள் மறுபடி விரலை நனைத்து வைத்தாள்.

"இது இன்னா தண்ணி?" என்று கேட்டாள்.

"குடிக்கிற தண்ணிதாம்மா."

அவள் முகம் மாறியதை நான் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். மாவு பூசிய முகத்திலும் ரத்தம் சுண்டிப் போனது தெரிந்தது. "வெளிய மழை பெய்யுதா?" என்று கேட்டாள். அதற்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள்.

வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. ரோடெல்லாம் தண்ணீர். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். "இன்னாக்கா ஆச்சு, போனா போவுது, வேற எடத்துல கேக்கலாம்" என்று நான் அசடு மாதிரி சொல்லிக்கொண்டே போனேன்.

"உப்புத் தண்ணியில நின்னு எடை கட்டினேன்டி. உப்புத் தண்ணி அதைத் தாங்குச்சு. நல்ல தண்ணி தாங்காது. மேக்கால ஏரியெல்லாம் ரொம்பி, கழுவெளி வழியா ஓடையில வர்றது இன்னா தண்ணி? மழைத் தண்ணி. நல்ல தண்ணி. தண்ணி ஏற ஏற கேனு அடியில கெடக்கும். மணி அடிக்காது. அடிக்கலன்னா நிம்மதியா இருங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றாள்.

இது எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எங்களுக்குத் தண்ணீர் என்றாலே உப்பு. நல்ல தண்ணீர் குடத்தில் இருக்கும், லைனில் நின்று பிடித்து வருவோம். அது கரை புரண்டு வந்து ஆளை அடிக்கும் என்று உப்பளத்துக்காரர் எவருக்காவது தோன்றுமா? பயப்படுவதையே வேலையாக வைத்திருந்தவளுக்கே தோன்றவில்லை.

பஸ் ஸ்டாண்டில் போன் போட்டோம். அளத்து ஆபீசில் மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. கடைத்தெருவில் எனக்கு மனப்பாடமான நம்பர் ஒன்றுதான், என் பூத்து நம்பர். அதன் சாவி என் இடுப்பில் இருந்தது. அக்கா அந்தச் சாவியைப் பார்த்தாள்.

அந்தப் பஸ் பயணத்தை நான் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். டிரைவர் மெதுவாகப் போனால் கடவுளே என்று இருந்தது, வேகமாகப் போனால் கடவுளே என்று இருந்தது. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. ஒவ்வொரு பாலம் வரும்போதும் எழுந்து நின்று கீழே ஓடும் தண்ணீரைப் பார்த்தாள். எல்லாம் செம்மண் நிறத்தில் இருந்தது. கடல் தண்ணீர் அந்த நிறத்தில் இருக்காது. கூவத்தூர் தாண்டியதும், "உன் ஊட்டுக்காரன் எனக்குத் தம்பி மாதிரிடி" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். நான் அவள் தோளில் சாய்ந்துகொண்டேன். ஆறுதல் சொன்னாளா, மன்னிப்புக் கேட்டாளா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அளத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. பாத்தி எது, வரப்பு எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே தண்ணீர். தூரத்தில் மோட்டார் கொட்டாய் கதவு மூடியிருந்தது. காற்றுக்குச் சாத்தியிருக்கிறார்கள். கத்தினோம், மழையில் கேட்கவில்லை. ரோட்டோர டீக்கடையிலிருந்து ஒரு அலுமினிய அன்னக்கூடையையும் கரண்டியையும் பிடுங்கிக்கொண்டு அக்கா தண்ணீரில் இறங்கினாள். வரப்பைக் காலால் தடவித் தடவி முன்னால் அவள் போனாள், பின்னால் நான். அன்னக்கூடையை அடித்துக்கொண்டே, "அய்யோ பாம்பு இருக்கும்டி, அய்யோ பாம்பு வரும்டி" என்று வாய்விட்டு அழுதுகொண்டே போனாள். நிற்கவில்லை. முழங்காலுக்கு வந்தது, தொடைக்கு வந்தது. நிற்கவில்லை.

கொட்டாய்க் கதவை அவள் கரண்டியால் அடித்தபோது திறந்தவர் என் வீட்டுக்காரர். உள்ளே மேடையில் ஆணும் பெண்ணுமாகக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். தரையில் தண்ணீர் வந்திருந்தது. மழைத் தண்ணீர் ஒழுகுகிறது என்று நினைத்திருக்கிறார்கள்.

"இன்னாக்கா இது கோலம்? மணிதான் அடிக்கலியே" என்றார் அவர்.

அக்கா அவர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள். புடவையையும் வேட்டியையும் முடிந்து கயிறாகப் பிடித்துக்கொண்டு எல்லோரும் வந்தோம். வெற்றிலைக்காரி ஒருதரம் வழுக்கி மறைந்தே போனாள், முடியைப் பிடித்துத் தூக்கினோம். ரோட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது கொட்டாயின் கதவு தெரியவில்லை. கூரை மட்டும் தெரிந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு அக்கா அந்தக் கம்பத்தைப் பிடுங்கினாள். கேன் சேற்றுக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தது. நல்ல தண்ணீரிலும் மிதக்கும்படி மணலைக் குறைத்துத் திரும்ப வையேன் என்று ஆட்களே கேட்டார்கள். அவள் கேட்கவில்லை. அதே இடத்தில் இரண்டு கட்டை நட்டு ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு, அடிக்க ஒரு இரும்புக் கம்பியையும் கட்டினாள்.

"இது தானா அடிக்காது. பக்கத்துல பயப்படற ஆளு ஒண்ணு இருக்கணும்" என்றாள். முதலாளி முனகினார், ஆனால் தண்ணிக்காவல் திரும்ப வந்தது. ஆள் கிடைக்காத நாளில் அவளே குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இப்போது அவள் இங்கே இல்லை. இடையஞ்சாவடியில் மகள் வீட்டோடு இருக்கிறாள். போனில் பேசும்போது, மேலே மேகம் இருக்குதா என்றுதான் முதலில் கேட்பாள்.

அந்த வருஷமே கார்த்திகை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த நிகழ்ச்சியை டிவியில் போட்டார்கள். நம்ம ஊர் ஆள் டிவியில் வருகிறாள் என்று யார் வாயிலிருந்தோ பரவி, என் பூத்து வாசல் நிறையக் கூட்டம். கொட்டாயில் இருந்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அக்கா பின்னால், வெளிச்சம் படாத மூலையில், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

கேன் மூழ்கியது. அதற்கு ஒரு கோமாளி இசை போட்டிருந்தார்கள். பம்பு செட்காரர் சொன்னதை இரண்டு முறை காட்டினார்கள். டிவிக்குள் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பூத்தில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. பிறகு அக்கா தொட்டியில் கையை விட்டு விரலை நக்கினாள். அவள் முகத்தைக் கிட்டத்தில் காட்டினார்கள், சிரிப்பதற்காக. அந்த முகத்தைப் பார்த்த என் வீட்டுக்காரர் மெல்ல எழுந்து நின்றுவிட்டார். வெற்றிலைக்காரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். தாங்கள் கொட்டாயில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த நேரத்தில், எங்கேயோ ஒரு குளிர் அறையில் ஒருத்திக்கு மட்டும் அது தெரிந்துபோன நிமிஷத்தை அவர்கள் அப்போதுதான் பார்த்தார்கள்.

மூலையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "எல்லாரும் இங்க இருக்கீங்க. கரையில யாரு இருக்கறது?"

என் வீட்டுக்காரர் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அன்றைக்குத் தண்ணிக்காவல் முறை யாருக்கோ, அவனும் கூட்டத்தில்தான் நின்றான். தூறல் பெருமழையாகத் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. யாரும் யாரையும் திட்டவில்லை. எல்லோரும் ஒன்றாக எழுந்து ஓடைப் பக்கம் நடந்தார்கள், அக்கா முன்னால்.

டிவியில் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அதை அணைத்துவிட்டு, பூத்தைப் பூட்டாமல், அவர்கள் பின்னால் ஓடினேன்.